பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அங்கே நகராட்சி இல்லையா?

கும்பகோணத்தில் கணவரின் பாத்திரக்கடைக்கு முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் இவர். இப்போது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒன்பதாயிரம் பேர் வாழும் சிற்றூர் ஒன்றில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். அவ்வூரின் பழைய கடைத்தெருவை ஊர்க்காரர்களே கூலி வாங்காமல் பராமரிப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவரே பதில் சொல்கிறார்.

அம்மா, காலை ஆறு மணிக்கு எழுந்து கடைத்தெரு விளக்குக் கம்பங்களில் தொங்கும் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே நகராட்சி என்று ஒன்று இல்லையா?
– வாசகர், மயிலாடுதுறை

இருக்கிறது. குப்பை அள்ளுகிறது, பனி தள்ளுகிறது, வரி கேட்டு நோட்டீஸ் அனுப்புவதில் ஒரு நாளும் தவறியதில்லை. பூந்தொட்டி மட்டும் அதன் பட்டியலில் இல்லை.

கம்பத்துக்கு இரண்டாக மொத்தம் நாற்பத்திரண்டு தொட்டிகள். எல்லாவற்றிலும் பெட்டூனியாச் செடிகள். ஜூலை வெயிலில் ஒரு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் தலை தொங்கிவிடும். இரண்டு நாள் விட்டால் துடைப்பக் கட்டைதான். சின்ன மின்வண்டி ஒன்றின் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து நுனி வளைந்த நீளமான குழாய் வரும். என் கூட்டாளி அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் வண்டியை நகர்த்த, நான் அண்ணாந்து ஊற்றுவேன். திங்களும் வியாழனும் எங்கள் முறை. வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். கழுத்து வலி தீர அதைவிட அதிக நேரம் ஆகும்.

முடித்ததும் ஒரு குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கூலியே இல்லாத வேலைக்கு வருகைப் பதிவேடு எதற்கு என்று முதல் நாள் சிரித்தேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. இன்டிபென்டன்ட் செக்டார் என்ற அமைப்பு, தன்னார்வலர் ஒருவரின் ஒரு மணி நேர உழைப்பு எவ்வளவு பெறும் என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. 2023-ஆம் ஆண்டுக்கு அது 33.49 டாலர். மானியம் கொடுப்பவர்கள் ‘ஊர் தன் பங்காக என்ன போடுகிறது?’ என்று கேட்கும்போது, சில மானியங்களுக்கு இந்த மணிக்கணக்கையே பணமாகக் காட்டலாம். ஆகவே என் திங்கட்கிழமை ஊரின் வரவுப் பக்கத்தில் ஐம்பது டாலராக ஏறுகிறது. இந்த விகிதம் அன்றைக்கே தெரிந்திருந்தால், முப்பது ஆண்டு பேரேட்டுக்கு என் கணவரிடம் ஒரு பில் நீட்டியிருப்பேன்.

மாநகரங்களை விடுங்கள், சிற்றூர்க் கடைத்தெருக்கள் கூட அமெரிக்காவில் காலியானது ஏன்? அங்கே பணத்துக்குப் பஞ்சமா?
– வாசகர், சேலம்

பஞ்சம் இல்லை. பணம் இடம் மாறியது.

1956-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம் அதிபர் ஐசன்ஹோவர் நாடு முழுவதும் பெரும் நெடுஞ்சாலைகள் போடும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அக்டோபரில் மினியாபொலிஸ் அருகே ஈடைனா என்ற ஊரில் சவுத்டேல் திறக்கப்பட்டது. நான்கு புறமும் அடைத்து, கூரை போட்டு, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வசந்தமாக இருக்கும்படி கட்டிய முதல் மால் அதுதான். வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த கட்டிடக்கலைஞர் விக்டர் குரூயென். சாலையும் வந்தது, சாலையோரத்தில் நிறுத்துமிடத்தோடு கடையும் வந்தது. ஊர் நடுவே இருப்பவனிடம் யார் போவார்கள்? 1962-இல் ஆர்கன்சாவில் முதல் வால்மார்ட் திறந்தது. எங்கள் அயோவாவுக்கு எண்பதுகளில் இன்னொரு அடி விழுந்தது. நில விலை சரிந்து, கடன் வாங்கிய விவசாயிகள் நொடித்துப்போனார்கள். விவசாயி நொடித்தால் செருப்புக்கடையும் நொடிக்கும். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர்களின் புத்தியும் கொஞ்சம் பிசகியது. அந்த மால்களைப் போலத் தாங்களும் புதிதாகத் தெரிய வேண்டும் என்று, நூறு வயதுச் செங்கல் முகப்பின் மேல் அலுமினியத் தகடு அடித்து ஜன்னல்களை மறைத்தார்கள். பாட்டியின் காசுமாலைக்கு மேல் பிளாஸ்டிக் மாலை போட்டது போலத்தான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர், தன் கடைத்தெருவைக் காப்பாற்றித் தரும்படி அதே குரூயெனிடம் போனது. அவர் யோசனையின் வழியில், வண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் நடந்தே கடைகளுக்குப் போகும் தெருவாக 1959-இல் மாற்றினார்கள். நாடெங்கும் ஊர்கள் அதைப் பார்த்துக் காப்பியடித்தன. பெரும்பாலான இடங்களில் வண்டியோடு சேர்ந்து ஆளும் வராமல் போனார்கள். கலமசூவே 1998-இல் தெருவின் ஒரு பகுதியில் மறுபடியும் கார்களை விட்டது.

கட்டிடக்கலை படிக்கிறேன். பழைய கடைத்தெருக்களுக்கு உயிரூட்டும் ‘மெயின் ஸ்ட்ரீட்’ திட்டத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதை யார் தொடங்கினார்கள்? அரசாங்கமா?
– மாணவி, திருநெல்வேலி

அரசாங்கம் இல்லை அம்மா. பழைய கட்டிடங்களைக் காப்பதற்கென்று 1949-இல் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. அதன் சிகாகோ அலுவலகத்தில் இருந்த மேரி மீன்ஸ் என்ற பெண்மணிதான் இதற்கு வித்திட்டவர். ஒவ்வொரு கட்டிடமாக இடிக்காதே, இடிக்காதே என்று கோர்ட்டுக்கு அலைந்து பயனில்லை. உள்ளே வியாபாரம் நடந்தால் கட்டிடத்தை யாரும் இடிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கண்ட வழி. 1977-இல் மூன்று சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள்: இல்லினாயில் கேல்ஸ்பர்க், இந்தியானாவில் ஒஹாயோ நதிக்கரையில் இருக்கும் மேடிசன், தெற்கு டக்கோட்டாவில் மணற்கல் கட்டிடங்கள் நிறைந்த ஹாட் ஸ்பிரிங்ஸ். அதன் பலனைப் பார்த்து 1980-இல் தேசிய அளவில் மையம் அமைத்தார்கள். ஆறு மாநிலங்கள் முதலில் சேர்ந்தன. அயோவா எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்தது.

ஊருக்கு நான்கு குழுக்கள் இருக்கும். ஆட்களையும் பணத்தையும் திரட்ட ஒன்று, திருவிழாவும் விளம்பரமும் பார்க்க ஒன்று, கட்டிட முகப்பையும் தெருவையும் கவனிக்க ஒன்று, வியாபாரத்தைப் பெருக்க ஒன்று. நான்கிலும் தன்னார்வலர்களே இருப்பார்கள். ஆனால் உன் பாடப்புத்தகம் ஒருவேளை அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மூன்று ஊர்களிலும் சம்பளத்துக்கு ஒரு மேலாளர் இருந்தார். எங்கள் ஊரிலும் ஒரு பெண் இருக்கிறார். மானிய விண்ணப்பம் எழுதுவது, கட்டிட உரிமையாளர்களோடு மல்லுக்கட்டுவது, எங்கள் நாற்பது பேரில் யார் யாரோடு பேசுவதில்லை என்று நினைவு வைத்துக்கொண்டு முறை பிரிப்பது எல்லாம் அவர்தான். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தில் யாரோ கிளப்பினார்கள். நான் எழுந்து, “கல்லாவில் உட்கார ஆள் இல்லாமல் கடையைத் திறந்து வைக்கச் சொல்கிறீர்களா?” என்று கேட்டேன். என் ஆங்கிலம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, பேச்சு அதோடு நின்றது.

எல்லாரும் வெற்றிக் கதையே சொல்கிறார்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து கெடுத்த வேலை ஏதாவது உண்டா?
– கொத்தனார், காரைக்குடி

உங்களைப் போல ஒருவர் எங்களோடு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு இடமே வந்திருக்காது.

எங்கள் தெருவில் மூன்றாவது கட்டிடம் 1880-களில் கட்டியது. மேலே அலுமினியத் தகடு அடித்திருந்தது. அதைக் கழற்றிய நாளை மறக்க மாட்டேன். கூலிக்கு வந்த இருவர் தூக்கு வண்டியில் நின்று தகடு தகடாக எடுக்க, நாங்கள் கீழே கயிறு கட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து வளைவு வைத்த நான்கு நெடு ஜன்னல்கள் வெளிவந்தன. பக்கச் சுவரில் வெளிறிய வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு கோதுமை மாவு விளம்பரம். எதிர்க் கடை முடிதிருத்துபவர், பாதி சவரத்தில் வாடிக்கையாளரை விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார். அந்த வாடிக்கையாளரும் சோப்பு நுரையோடு வந்துவிட்டார்.

அந்த உற்சாகத்தில் புத்தி கெட்டது. செங்கல் இடுக்குகளில் பழைய சாந்து உதிர்ந்திருந்தது. ‘இது ஒரு பெரிய வேலையா, நாமே பூசிவிடலாம்’ என்று ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பேர் கிளம்பினோம். மின்சார அறுவைச் சக்கரத்தால் இடுக்கைக் குடைந்து, கடையில் மூட்டையாக வாங்கிய சிமென்டைக் குழைத்துப் பூசினோம். நானும் ஒரு கரண்டி பிடித்தேன். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. படம் பிடித்துக்கொண்டோம்.

இரண்டு குளிர்காலம் போனது. செங்கல்லின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து நடைபாதையில் விழ ஆரம்பித்தது.

காரணம் உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது, அதற்கு வைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக மூச்சு விட்டு வெளியேறும். தேய்ந்தாலும் சாந்துதான் தேயும், கல் தேயாது. நாங்கள் கல்லைவிடக் கடினமான சிமென்டை வைத்து அந்த வழியை அடைத்தோம். ஈரம் செங்கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. இங்கே குளிரில் அது பனிக்கட்டியாக உறைந்து வீங்கும். வீங்கினால் கல் வெடிக்கும். மெயின் ஸ்ட்ரீட் திட்டத்தின் மாநில அலுவலகம் அனுப்பிய கட்டிடக்கலைஞர் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஒரு பெயர்ந்த சில்லைக் கையில் எடுத்து என்னிடம் கொடுத்தார், அவ்வளவுதான். பிறகு தொழில் தெரிந்த கொத்தனாரை வரவழைத்து, உளியால் சிமென்டைக் கையாலேயே செதுக்கி எடுத்து, சுண்ணாம்புச் சாந்து வைத்தார்கள். நாங்கள் ‘மிச்சம் பிடித்த’ தொகையைப் போல ஏழு மடங்கு செலவு.

எங்கள் கும்பகோணத்து வீட்டில் சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்ததைச் சிறுமியாக நின்று பார்த்தவள் நான். தெரிந்திருந்தும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. ஊருக்குப் புதியவள், வேற்றுநாட்டுக்காரி என்ற தயக்கம். அதற்குப் பின் எந்தக் கூட்டத்திலும் தயங்கியதில்லை. அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்களுக்குள் ஒரு வரையறை இருக்கிறது. ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் தன்னார்வலர் ஏறக் கூடாது, கட்டிடத்தின் உடம்பில் கை வைக்கக் கூடாது. ஜன்னல் துடைக்கலாம், களை பிடுங்கலாம், முகமூடி கட்டிக்கொண்டு மேல்மாடியில் ஐம்பது ஆண்டுப் புறா எச்சத்தை அள்ளலாம். அந்தக் கடைசி வேலைக்கு என் மகனை அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் பூட்டிய கடைகளின் உரிமையாளர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். வாடகையும் குறைப்பதில்லை, விற்பதும் இல்லை. அங்கே எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
– வாடகைக் கடைக்காரர், ஈரோடு

முழுதாகச் சமாளிக்கவில்லை. எங்கள் தெருவில் மூலைக் கட்டிடத்தின் உரிமையாளர் மூன்று மாநிலம் தள்ளி இருக்கிறார். வாடகையைக் குறைத்து எழுதினால் கட்டிடத்தின் மதிப்பே குறைந்ததாகிவிடும், அதன் மேல் வாங்கிய கடனுக்கு வங்கி கேள்வி கேட்கும். ஆகவே காலியாகக் கிடப்பதே அவருக்குச் சௌகரியம். இது பேராசை மட்டும் இல்லை, கணக்கு. கணக்காக இருப்பதால்தான் கெஞ்சினால் அசையாது.

இதற்கு நான் அறிந்ததில் கெட்டிக்காரத்தனமான வழியை ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரத்தில் கண்டுபிடித்தார்கள். 1989 டிசம்பரில் அங்கே நிலநடுக்கம்; பதின்மூன்று பேர் இறந்தார்கள். 1999-இல் பெரிய எஃகு ஆலை மூடியது. நடுத்தெருவில் கட்டிடம் கட்டிடமாகப் பூட்டு. 2008-இல் மார்கஸ் வெஸ்ட்பரி என்ற அவ்வூர்க்காரர் ‘ரென்யூ நியூகாசில்’ என்று ஒன்றைத் தொடங்கினார். குத்தகை என்ற பேச்சே கிடையாது. முப்பது முப்பது நாளாகப் புதுப்பித்துக்கொள்ளும் அனுமதி மட்டும்தான். உரிமையாளருக்கு நல்ல வாடகைக்காரர் கிடைத்தால் இவர்கள் எழுந்துவிட வேண்டும். வாடகை என்று எதுவும் பதிவாகாததால் கட்டிட மதிப்புக்குப் பங்கமில்லை. காலியாகக் கிடந்து பாழாகும் இடத்தை யாரோ கூட்டிப் பெருக்குகிறார்கள். நகை செய்பவர், ஓவியர், துணி தைப்பவர் என்று வந்தார்கள். சிலர் போணியாகாமல் கிளம்பினார்கள். சிலர் முறையான வாடகைக்கே மாறினார்கள்.

இதைச் சொல்லித்தான் மூலைக் கட்டிடத்துக்காரருக்குக் கடிதம் எழுதினோம். ஒன்றல்ல, பதினொன்று. கடைசியில் கண்ணாடி ஜன்னலை மட்டும் பயன்படுத்திக்கொள்ளச் சாவி அனுப்பினார். இப்போது அதில் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்கள் இருக்கின்றன. கடை வரவில்லை. ஆனால் பிள்ளையின் படத்தைப் பார்க்கத் தாத்தா பாட்டி வரை வருகிறார்கள். வந்தவர்கள் பக்கத்துக் கடையில் காபி குடிக்கிறார்கள். காபிக்கடைக்காரி கணக்குப் பார்த்துச் சொன்னதால் எழுதுகிறேன், என் கற்பனை இல்லை.

நீங்கள் இலவசமாகத் தெருவை அழகாக்குகிறீர்கள். கட்டிட முதலாளி வாடகையை ஏற்றுகிறான். பழைய கடைக்காரன் வெளியேறுகிறான். உங்கள் வியர்வை யாருக்கு லாபம்?
– வாசகர், ஸ்கார்பரோ

கோபம் நியாயம்தான். பெரிய நகரங்களில் அப்படியே நடக்கிறது. ஒன்பதாயிரம் பேர் ஊரில் அந்த ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் தையல் இயந்திரம் பழுது பார்த்தவர் இருந்த இடத்தில் இன்று வாசனை மெழுகுவத்தி விற்கிறார்கள். மெழுகுவத்தி எரிந்தால் தீர்ந்தது. என் தையல் இயந்திரத்துக்கு நாற்பது மைல் போகிறேன்.

இதில் முதலாளியே ஊர்க்காரர்களாக இருப்பதுதான் நல்ல பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க் மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே சாரனாக் லேக் என்று ஓர் ஊர். 2002-இல் அங்கிருந்த ஒரே பெரிய துணிக்கடையான ஏம்ஸ் மூடிவிட்டது. உள்ளாடையும் போர்வையும் வாங்க ஐம்பது மைல் தள்ளி பிளாட்ஸ்பர்க் போனார்கள். வால்மார்ட் பெரிதாக ஒன்று கட்டுகிறேன் என்று வந்தது, ஊர் இரண்டுபட்டது. கடைசியில் ஊர்க்காரர்கள் தாங்களே பங்கு போட்டார்கள். பங்கு நூறு டாலர். ஐந்து லட்சம் டாலர் சேர்ந்தது. 2011 அக்டோபரில் கடை திறந்தது. காலுறையும் படுக்கை விரிப்பும் ஊரிலேயே விற்பனைக்கு வந்தன.

பூந்தொட்டியைவிட அது பெரிய காரியம். எங்கள் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தேன். “முதலில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சேரட்டும்” என்றார்கள்.

எத்தனை பேர் ஒழுங்காக வருகிறார்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பட்டியலில் நாற்பது பேர். வருபவர்கள் பத்துப் பேர். இது எங்கள் ஊர் லட்சணம் மட்டும் இல்லை. ‘அதே பத்துப் பேர்’ என்பது இந்த நாட்டுத் தன்னார்வலர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் கேலிப் பேச்சு. அந்தப் பத்தில் ஆறு பேர் எழுபது தாண்டியவர்கள். போன வருடம் ஒருவர் இறந்தார். அவருடைய முறையை யார் பார்ப்பது என்று முடிவாக ஒரு வாரம் ஆனது; அதற்குள் செடிகளும் போய்விட்டன.

இளையவர்கள் வராமல் இல்லை. ‘ஒரு நாள், இரண்டு மணி நேரம், இன்ன வேலை’ என்று சொல்லிக் கூப்பிட்டால் வருகிறார்கள். ‘குழுவில் சேருங்கள்’ என்றால் காத தூரம் ஓடுகிறார்கள். எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்திருக்கும்.

உங்கள் கடைத்தெருவில் இட்லி கிடைக்குமா?
– வாசகர், மதுரை

மாதத்தின் முதல் வெள்ளி மாலையில் மட்டும் கிடைக்கும். அன்று தெருவில் மேசை போட்டு விற்கிறோம், வரும்படி பூந்தொட்டி நிதிக்குப் போகிறது. முதல் மாதம் இருபத்துநான்கு இட்லியில் பதினேழு திரும்பி வந்தன. ‘சப்பென்று இருக்கிறது’ என்றார்கள். அடுத்த மாதம் மிளகாய்ப்பொடி தடவிச் சிறிய இட்லியாகக் குச்சியில் குத்திக் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் பாத்திரம் காலி.

இத்தனை ஆண்டுகளில் தெரு உண்மையிலேயே மாறியிருக்கிறதா, அல்லது நீங்கள் பூவைப் பார்த்து ஏமாறுகிறீர்களா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

நான் வந்தபோது கடைத்தெருவில் பதினான்கு கடைகள் பூட்டிக் கிடந்தன. இன்று ஆறு. அந்த எட்டில் எங்கள் தண்ணீருக்கு எத்தனை பங்கு என்று கேட்டால் எனக்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டு கட்டிடங்கள் சீரானதற்குக் காரணம் பூ இல்லை, வரிச் சலுகை. பழமையானது என்று சான்று பெற்று, வருமானம் தரும் கட்டிடத்தை முறைப்படி புதுப்பித்தால், செலவில் இருபது சதவீதத்தை மத்திய அரசு வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் அந்தச் சலுகைக்காக வந்து பார்த்தவர், தெரு செத்துக் கிடந்திருந்தால் வண்டியைவிட்டு இறங்கியிருப்பாரா என்று எங்கள் மேலாளர் கேட்கிறார். அவர் சம்பளமே அந்தக் கேள்வியில் இருக்கிறது, இருந்தாலும் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நாங்கள் சிமென்ட் பூசிக் கெடுத்த அந்தக் கட்டிடம்தான் சீரான இரண்டில் ஒன்று. வளைவு ஜன்னல்களுக்குப் பின்னால் இப்போது ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். இரவு வேலை முடித்துக் காலையில் அவள் திரும்பும் நேரமும் நான் குழாயோடு நிற்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். நேற்று மேலேயிருந்து, “என் ஜன்னலோரத் தொட்டிக்கும் கொஞ்சம்” என்றாள். குழாய் எட்டவில்லை. வாஷர் வேறு கசிகிறது. புதியது வாங்க வேண்டும். இரும்புக்கடை அதே தெருவில் நான்காவது கட்டிடம், எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.